ராஜாஜியும் ரேஷன் அரிசியும்

செங்கற்பட்டுக் கடலோரத்தில், சமுத்திரத்திற்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கிறது நெம்மேலி. அதற்கு வடக்கே கோவளத்தில் முன்னாளில் உப்பளங்கள் இருந்தன. கடல் தானே விளைவிக்கும் உப்பை அள்ளுவது குற்றமென்று அந்நிய சர்க்கார் விதித்திருந்தபோது, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்து சென்று அவ்விதியை மீறிச் சிறை புகுந்தவர் ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பின், அதே மனிதர் முதல் மந்திரியின் ஆசனத்தில் அமர்ந்து வேறொரு விதியைக் களைந்தார்.

1878-இல் தொரப்பள்ளியில் பிறந்தது, சேலத்தில் வக்கீலாய்ப் பொருளீட்டியது, 1917-இல் அந்நகரசபைக்குத் தலைவரானது, 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானது, 1948-இல் கவர்னர் ஜெனரலானது ஆகியவற்றை நேயர்கள் அறிவர். நாம் சொல்ல வந்தது 1952-ஆம் வருஷத்துச் செய்தி.

யுத்த காலத்தில் ஏற்பட்ட உணவுக் கட்டுப்பாட்டின் நோக்கம் நல்லதே. ஏழைக்கும் ஓரளவு அரிசி கிடைக்க வேண்டுமென்பதே அது. நடந்ததோ வேறு. கொள்முதலுக்கு மட்டமான நெல் வந்தது. உயர்ந்த நெல் இரவில் வண்டியேறிற்று. ஜில்லா எல்லையில் அவ்வண்டியை நிறுத்த வேண்டிய சேவகன் கை நீட்டினான். கல்லும் புழுவுமான அரிசியை ரேஷன் கார்டுக்காரர் வேண்டாமென்றால் போவதற்கு வேறு கடை ஏது? மேற்பார்வைக்கு மேல் மேற்பார்வை வைத்தால் நீளும் கைகள் பெருகுமேயன்றிக் குறையா என்பது நம் துணிபு. ராஜாஜியின் செய்கையும் அவ்வழியே சென்றது. 1952 ஜூனில் கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வருமென்று அஞ்சியோர் பலர், அது வரவில்லை. மத்திய உணவு மந்திரி ஜனாப் ரபி அகமது கித்வாய் அவருக்குத் துணை நின்றார்.

ஆயினும் இங்கே நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். கட்டுப்பாட்டை நீக்கியதால் சாவடி லஞ்சம் ஒழிந்தது. அரிசியிலுள்ள கல் ஒழியவில்லை. விலையைச் சந்தையிடம் விட்டுவிடலாம். எண்ணெயில் கலந்த விஷத்தைச் சந்தையிடம் விட முடியாது. வாங்குவோன் கண்ணுக்கு அது புலப்படுவதில்லையே! ராஜாஜி 1954 ஏப்ரலில் பதவி துறந்தார். அவ்வருஷத்திலேயே கலப்படத் தடைச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. கடையில் எடுத்த மாதிரிப் பொருளை மூன்று பங்காக்கி முத்திரையிட வேண்டுமென்றது அது. 2006-ஆம் வருஷத்துச் சட்டம் நான்கு பங்கென்கிறது. லஞ்சம் நுழைவதோ முத்திரை விழுமுன். எந்தக் கடையில் மாதிரி எடுப்பது, எதில் எடுக்காமல் விடுவது என்று இன்ஸ்பெக்டர் தீர்மானிக்கும் அந்தக் கணத்தில்.