சமையலறை மேசையில் உருவான பலூன்

நெஞ்சுவலியோடு வைத்தியசாலைக்குப் போனவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் சிறு கட்டுடன் ஓரிரு நாட்களில் வீடு திரும்புவது இன்று புதினமல்ல. இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்தவர் ஜேர்மன் வைத்தியரான அன்ட்ரியாஸ் குருன்ட்சிக்.

1939 ஜூன் 25 இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையை இரண்டாம் உலகப் போர் பறித்துக்கொண்டது. லீப்சிக்கில் பள்ளிப் படிப்பை முடித்தவர், கிழக்கு ஜேர்மனியை விட்டு வெளியேறி, ஹைடல்பேர்க்கில் மருத்துவம் படித்தார். 1969 இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலையில் சேர்ந்தார்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் டொட்டர், 82 வயது மூதாட்டி ஒருவரின் காலில் அடைபட்டிருந்த நாடியைக் கத்தியின்றித் திறந்திருந்தார். ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களை உள்ளே செலுத்தி வழியைப் பெருப்பிப்பதே அவரது முறை. ஆனால் தடித்த குழாயை இதயத்தின் மெல்லிய நாடிக்குள் செலுத்த முடியாது. மெல்லியதாக உள்ளே போய், அடைப்புள்ள இடத்தில் மட்டும் விரியும் பலூன் ஒன்று வேண்டும் என்று குருன்ட்சிக் நினைத்தார்.

நினைப்பது சுலபம். சாதாரண இறப்பர் பலூன் அடைப்பின் இரு பக்கமும் புடைத்து, நடுவில் ஒடுங்கி, உடுக்கைப்போல நின்றுவிடும். குறித்த அளவுக்கு மேல் விரியாத, அதேவேளை அழுத்தத்தைத் தாங்கும் பொருள் தேவைப்பட்டது. கடைசியில் பிவிசி பிளாஸ்ரிக் கைகொடுத்தது. பகலில் வைத்தியசாலைக் கடமை. இரவில் வீட்டுச் சமையலறை மேசையில் வெட்டுவதும் ஒட்டுவதும். மனைவி மிக்காயேலாவும், உதவியாளர் மரியா ஷ்லும்ப்பும், மரியாவின் கணவரும் கூட இருந்து உழைத்தனர். 1974 இல் கால் நாடியில் பலூன் பயன்படுத்தப்பட்டது. நாய்களின் இதயத்தில் செய்த சோதனைகளை 1976 இல் மயாமி மாநாட்டில் காட்டியபோது, பலர் நம்பவில்லை.

1977 செப்டெம்பர் 16. நோயாளிக்கு வயது 38. அவர் முழு விழிப்புடன் படுத்திருக்க, ஏதும் பிழைத்தால் மார்பைத் திறக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் தயாராக நின்றனர். பலூன் இருமுறை விரிக்கப்பட்டது. இரத்தம் தடையின்றி ஓடியது. பத்து ஆண்டுகளின் பின் பரிசோதித்தபோதும் அந்த நாடி திறந்தே இருந்தது.

1979 இல் முதல் 50 நோயாளிகளின் விபரத்தை வெளியிட்டார். வெற்றி 32 பேரில் மட்டுமே. ஐவருக்கு அவசர சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. அதையும் மறைக்காமல் எழுதினார். இன்று 64 வீத வெற்றியைச் சொல்லி ஒரு புதுக் கருவியை எவராவது முன்வைக்கத் துணிவார்களா தெரியாது. சக வைத்தியர்களை அழைத்து, நேரடித் தொலைக்காட்சியில் அவர்கள் பார்த்திருக்கவே சிகிச்சை செய்தும் காட்டினார். பிழைத்தாலும் எல்லோரும் காண்பார்கள்.

1980 இல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கும் ஒரு பிரச்சினை விடவில்லை: திறந்த நாடிகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று சில மாதங்களில் மீண்டும் ஒடுங்கியது. சிலருக்குச் சிகிச்சை முடிந்த கையோடு நாடிச் சுவர் சரிந்து மூடிக்கொண்டது.

1985 ஒக்டோபர் 27 அன்று, மோசமான வானிலையில் தானே ஓட்டிச் சென்ற சிறு விமானம் ஜோர்ஜியாவில் விழுந்து, இரண்டாவது மனைவியுடன் உயிரிழந்தார். வயது 46. ஐந்து மாதங்களின் பின், 1986 மார்ச்சில், பிரான்சின் துலூஸ் நகரில் வைத்தியர் ஜாக் புவெல், விரித்த நாடி மீண்டும் சரியாமல் தாங்கி நிற்கும் உலோக வலைக்குழாயை முதன்முதலாக ஒரு மனித இதயத்தின் நாடியில் பொருத்தினார். அதுதான் ஸ்டென்ட்.