குண்டுக்கும் குழலுக்கும் நடுவே ஒரு நூலிழை

சிவகாசிப் பிள்ளைகளுக்குக் கருமருந்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி என்று சின்னப் பையனே சொல்லிவிடுவான். ஆனால் அந்த மருந்துக்கு எத்தனை பலம் என்று நம்பத்தக்க முறையில் அளந்து காட்டிய மனிதர் நம்ம தமிழ்நாட்டில், கடலூரில்தான் செத்துப்போனார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

1707-ல் இங்கிலாந்தில் பாத் நகரில் ஓர் ஏழை வீட்டில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது. கணக்கை நம்பி லண்டன் வந்தவர், இருபது வயதில் ராயல் சொசைட்டி உறுப்பினராகிவிட்டார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். அப்புறம் பாலம், துறைமுகம், கோட்டை என்று மனம் போயிற்று. 1741-ல் உல்விச்சில் ராணுவக் கலைக்கூடம் தொடங்கியபோது பேராசிரியர் வேலைக்கு முயன்றார். கிடைக்கவில்லை. அன்றைய ஆட்சித் தலைவர் வால்போலை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் எழுதியவருக்கு எப்படிக் கிடைக்கும்? வேலைதான் போயிற்றே தவிர, சொல்லித்தர நினைத்த பாடம் போகவில்லை. 1742-ல் அதைப் பீரங்கி இயல் பற்றிய புத்தகமாகவே போட்டுவிட்டார். அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து உரை எழுதியவர் யார் தெரியுமா? மாபெரும் கணித மேதை ஆய்லர்.

அதில் அப்படி என்ன இருந்தது? குழலை விட்டு வரும் குண்டின் வேகத்தை அதுவரை யாரும் சரியாக அளந்ததில்லை. ராபின்ஸ் ஐம்பத்தாறு பவுண்டு எடையில் ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். பவுண்டுக்குப் பன்னிரண்டு வீதம் வார்த்த ஈயக்குண்டை அதன் மரப்பலகையில் சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் பின்வாங்கியதோ, அதை வைத்து உந்தக் கணக்குப் போட்டார். வினாடிக்கு 1,600 அடிக்கு மேல் வந்தது! நாம் மெக்கானிக்ஸில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுகிற அதே விதிதான், நண்பர்களே. அந்த வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் என்றும் கண்டார். காற்றைக் கணக்கில் சேர்க்காமல் பரவளையம் வரைந்து கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

என்னைக் கவர்ந்தது அவருடைய இன்னொரு கேள்வி. ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே குறி. பின்னே ஏன் ஒரு குண்டு இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் போகிறது? வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியில் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். முக்கால் அங்குலக் குழலுக்கு 0.69 அங்குலக் குண்டு. நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால் கிளியரன்ஸ் ஃபிட். அப்படி விடாவிட்டால் முடியாது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத்தான் நிற்கும்; நாலு வெடி வெடித்ததும் குழல் அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்த இடைவெளியில் குண்டு சுவரில் முட்டி உருண்டு கொண்டே வருகிறது. எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பச் சுழல்கிறது. காற்று அந்தச் சுழலைப் பிடித்து இழுத்துவிடுகிறது.

இதைச் சொன்னதோடு விடவில்லை. குழலின் வாயை இடப்பக்கம் லேசாக வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டிச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு தானே வலப்பக்கம் திரும்பியது. திரையிலுள்ள ஓட்டைகளே சாட்சி. ஆய்லர்கூட இந்த விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. குண்டின் வடிவக் கோணல்தான் காரணம் என்றார். ராபின்ஸ் சொன்னதே சரி. பின்னால் வந்த மாக்னஸ் பெயரில் இந்த விளைவு நிலைத்துவிட்டதுதான் வருத்தம்.

அப்படியானால் வழி? குழலுக்குள் திருகு வரிகள் வெட்டி, குண்டைத் தன் போக்கின் அச்சிலேயே சுழல விடுவது. ரைஃபிள் அப்போதே இருந்தது. ஏன் நேராகப் போகிறது என்று 1747-ல் ராயல் சொசைட்டியில் விளக்கினார். வரிகள் குண்டைப் பிடிக்க வேண்டும் என்றால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய்வழியாக இறங்காது. இரும்புக் கோலால் அடித்து இறக்கினார்கள், அல்லது எண்ணெய்ப் பசை தடவிய தோலில் சுற்றித் திணித்தார்கள். சுட்ட நேரத்தைவிடக் கெட்டித்த நேரம் அதிகம். பின்பக்கம் திறந்து கெட்டிப்பதும், முட்டை வடிவக் குண்டும் நல்லது என்று அப்போதே யோசனை சொல்லிவிட்டார்.

நம்ம தொழிலுக்கும் அவர் சொந்தக்காரர்தான். 1749-ல் லண்டன் கிரீன் பார்க்கில் பெரிய வாணவேடிக்கை நடந்தது. ஊரே வாயைப் பிளந்து பார்க்க, அவர் ராக்கெட் எவ்வளவு உயரம் போகிறது என்று கோணம் வைத்துக் கணக்கிட்டு, அதைக் கட்டுரையாகவும் போட்டார்.

அந்த ஆண்டு இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கப்பலேறினார். 1750 ஜூலையில் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையில் வந்து இறங்கினார். பிரெஞ்சுக்காரர் பிடித்துத் திருப்பித் தந்த சென்னைக் கோட்டையையும் இதையும் பலப்படுத்தும் வேலை. நம் மண்ணைக் கம்பெனி கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்கான வேலை அது. அதற்காக அவரைப் புகழ எனக்கு மனமில்லை. சில மாதத்திலேயே காய்ச்சல் கண்டது. தேறினாலும் உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை. 1751 ஜூலை 29-ல் கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனதாகச் சொல்கிறார்கள். வயது 44.

அவர் விட்டுப்போன இறுக்கமான குண்டுப் பிரச்சினைக்கு விடை கிடைக்க ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. தென்னிந்தியாவில் இருந்த நார்ட்டன் என்ற ஆங்கிலேயக் கேப்டன், இங்குள்ளவர்கள் ஊதுகுழலில் எய்த அம்பைப் பார்த்தாராம். அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி. ஊதினால் அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும், காற்று கசியாது. அதே மாதிரி அடிப்பகுதி குடைவான ஈயக்குண்டைச் செய்தார். 1849-ல் பிரான்சின் மினியே அதைத் திருத்தமாக்கினார். குண்டு தளர்வாகக் கீழே இறங்கும். மருந்து வெடித்ததும் அடி விரிந்து வரிகளைக் கவ்விக்கொள்ளும். இரும்புக் கோலால் அடித்து இறக்கும் வேலை அத்தோடு ஒழிந்தது.