தொண்டியிலிருந்து வந்த பெரியார்

பிறந்த ஊரைவிட்டுக் கிளம்புவோர் பலர். எதற்காகக் கிளம்பினோம் என்ற நிய்யத்தைக் கடைசிவரை காப்போர் சிலரே. அச்சிலரில் ஒருவர் குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்கள்.

அன்னார் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792-ஆம் ஆண்டு பிறந்தார்கள். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாஹிபு (ரஹ்) அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார்கள். மாமன் மகளை மணமுடித்து வைக்கப் பெற்றோர் விரும்பினர். அன்னாரின் உள்ளமோ இறைநாட்டத்தில் ஆழ்ந்துவிட்டது. வாலிபத்திலேயே வீட்டைத் துறந்தார்கள். மலைகளிலும் காடுகளிலும் திக்ரில் மூழ்கித் தனித்திருந்து, இறுதியில் வடசென்னை இராயபுரம் வந்து தங்கினார்கள். அக்காலத்தில் அது புதர் மண்டிய இடம்.

தனிமையை நாடி வந்தவரை மக்கள் நாடி வந்தனர். ஹிந்துக்களும் சீடராயினர். திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அன்னார்மீது நான்மணிமாலை பாடினார். 1838-இல் மறைந்த அன்னார் இராயபுரத்திலேயே அடங்கியுள்ளார்கள். தொண்டியார் வாழ்ந்ததால்தான் பக்கத்துப் பகுதிக்குத் தண்டையார்பேட்டை என்று பெயர் வந்தது என்பர். வீட்டைத் துறந்தும் ஊரை மறக்கவில்லை. அன்னாரின் பாடல்களில் குணங்குடியின் பெயர் முத்திரையாய் நிற்கிறது.

பிழைப்புக்காக எண்ணூர், மணலி, சடையங்குப்பம் பக்கம் குடியேறும் நம்மவர் துறவு பூண வேண்டியதில்லை. ஊரிலுள்ள பெற்றோரின் ஹக்கை மறவாமல், வந்த இடத்தில் தொழுகையைத் தவறவிடாமல், அண்டை வீட்டாருக்கு நல்லவராய் வாழ்ந்தால் போதும். புதிய ஊரும் நம்மைத் தன் பிள்ளையாய் ஏற்கும், இன்ஷா அல்லாஹ்.