அமேலியா ஏர்ஹார்ட்: கேட்ட குரலும் கேட்காத பதிலும்

இந்த இதழுக்கு நான் எடுத்துக்கிட்டது விமானி அமேலியா ஏர்ஹார்ட் அவர்களின் வாழ்க்கை.

அமேலியா 1897 ஜூலை 24-ஆம் தேதி அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்து அட்சிசன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். குடிப்பழக்கத்தால் அவருக்கு வேலை போனது. குடும்பம் ஊர் ஊராக மாறியது. 1920-இல் அமேலியா முதல் தடவை விமானத்தில் பறந்தார். பத்து நிமிஷம்தான்! இறங்கும்போதே தானும் ஓட்டணும்னு முடிவு செய்துவிட்டார். டெலிபோன் கம்பெனியில்கூட வேலை பார்த்துக் காசு சேர்த்து, நேட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் கற்றுக்கொண்டார்.

1928-இல் அட்லாண்டிக் கடலை விமானத்தில் தாண்டிய முதல் பெண் என்று உலகமே புகழ்ந்தது. ஆனால் அன்று ஓட்டியது வேறொருவர், இவர் பயணிதான். அதனால் அந்தப் புகழ் அவருக்கு ஒட்டவே இல்லை. 1932-இல் தன்னந்தனியாக ஓட்டினார். இறக்கையில் பனி உறைந்தது, உயரம் காட்டும் கருவி கெட்டது. ஆனாலும் சுமார் 15 மணி நேரத்தில் அயர்லாந்தில் இறங்கிக் காட்டினார். அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான்.

1937-இல் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். கூட வழி கணிக்கும் பிரெட் நூனன். கராச்சி, கல்கத்தா, ரங்கூன் என்று நம்ம வங்கக்கடலின் வடக்கு ஓரமாகத்தான் போனார்கள். ஜூலை 2-ஆம் தேதி நியூகினியாவின் லே என்ற ஊரிலிருந்து ஹவ்லாண்ட் தீவுக்குப் புறப்பட்டார்கள். தூரம் சுமார் 4,100 கிலோமீட்டர். தீவோ ரொம்பச் சின்னது. ரேடியோதான் வழி காட்டணும்.

தீவின் பக்கத்தில் இடாஸ்கா என்ற கப்பல் காத்திருந்தது. அதில் இருந்தவர்களுக்கு அமேலியாவின் குரல் நன்றாகக் கேட்டது. அவர்கள் பேசியதோ அவருக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை மோர்ஸ் ஒலி கேட்டும், எந்தத் திசையிலிருந்து வருதுன்னு பிடிக்க முடியவில்லை. முந்தின நாள் சோதனையிலும் திசை பிடிக்கவில்லை. நிலையம் ரொம்பப் பக்கத்தில் இருப்பதால்தான் என்று அவர் நினைத்துவிட்டார். காலை 8.43-க்குப் பிறகு அவர் குரல் வரவில்லை. கப்பல்களும் விமானங்களும் 17 நாள் தேடியும் கிடைக்கவில்லை. 1939-இல் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.

நடுக்கடலில் ஏன் தொடர்பு போகுது? சாதாரண விமான ரேடியோ அலை நேராகத்தான் போகும். பூமி உருண்டை என்பதால் தூரத்தில் எட்டாது. வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி வரும் இன்னொரு வகை அலை எட்டும். ஆனால் அது பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி கேட்கும். இப்போ செயற்கைக்கோளும் உதவுது. அப்படியும் 2014-இல் 239 பேரோடு மலேசிய விமானம் மறைந்தது. 2015 ஜூன் 8 இரவு நம்ம கடலூர், சிதம்பரம் கடலுக்கு மேலே கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் 3 பேரோடு தொடர்பு அறுந்து போனது. ஒரு மாசத்துக்கு மேல் தேடி, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள்.

எங்க பெரியப்பா போட்டில் கடலுக்குப் போறவர். கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு பதில் வரலைன்னா பெரியம்மா சோத்துல கை வைக்க மாட்டாங்க. அதனால் இடாஸ்கா கப்பல்காரர்கள் அன்று எப்படித் தவித்திருப்பார்கள் என்று எனக்குப் புரியுது.

அமேலியா எங்கே போனார் என்பதைத்தான் எல்லாரும் பேசுறாங்க. எனக்கோ அந்த முந்தின நாள் சோதனைதான் பெருசாத் தெரியுது. தோழிகளே, உங்க வீட்டிலும் கடலுக்குப் போறவங்க இருந்தா ஒண்ணு சொல்லுங்க. நாம பேசுறது அங்கே கேக்குதான்னு மட்டும் பார்த்தாப் போதாது. அவங்க பேசுறது நமக்குக் கேக்குதான்னும் கரையிலேயே பார்த்துட்டுக் கிளம்பணும்.