கார்ல் லாண்ட்ஸ்டெய்னர்

கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் (ஜூன் 14, 1868 - ஜூன் 26, 1943) ஆஸ்திரியாவில் பிறந்த மருத்துவரும் நோயெதிர்ப்பியல் அறிஞரும் ஆவார். மனிதக் குருதி வகைகளைக் கண்டறிந்தமைக்காக 1930 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

வாழ்க்கைக் குறிப்பு

வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1891 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர், சர்க்கரைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற எமில் ஃபிஷரிடம் வேதியியல் பயின்றார். 1920களில் நியூயார்க் சென்று ராக்பெல்லர் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றினார்.

குருதி வகைகள்

அக்காலத்தில் குருதி ஏற்றப்பட்டோருள் சிலர் பிழைத்தனர், சிலர் இறந்தனர். காரணம் தெரியவில்லை. லாண்ட்ஸ்டெய்னர் தமது குருதியையும் உடன் பணியாற்றியோரின் குருதியையும் கலந்து சோதித்தார். சில கலவைகளில் மட்டும் செங்குருதியணுக்கள் ஒட்டித் திரண்டன. இதைக் கொண்டு 1901 இல் மூன்று வகைகளை அறிவித்தார். நான்காவதான ஏபி வகை 1902 இல் அறியப்பட்டது.

சர்க்கரையின் பங்கு

இவ்வேறுபாட்டின் வேதியியல் அவரது மறைவுக்குப் பின்னரே தெளிவானது. செங்குருதியணுவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் முனையே வகையைத் தீர்மானிப்பதை வால்ட்டர் மார்கன், வினிஃபிரட் வாட்கின்ஸ் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. முனையில் ஃபியூகோஸ் என்னும் எளிய சர்க்கரை மட்டும் சேர்ந்திருந்தால் அது ஓ வகை. அத்துடன் காலக்டோஸ் சேர்ந்தால் பி வகை. அசிட்டைல்காலக்டோசமீன் சேர்ந்தால் ஏ வகை. தன்னிடம் இல்லாத முனையை உடல் அயற்பொருளாகக் கொண்டு எதிர்க்கிறது.

1952 இல் ஒய். எம். பெந்தே குழுவினர் விவரித்த பம்பாய் வகையில் அந்த ஃபியூகோசும் இல்லை. வழக்கமான வகைச் சோதனையில் இவ்வகையினர் ஓ வகையினராகவே தோன்றுவர். ஆயினும் ஓ வகைக் குருதி இவர்களுக்கு உயிராபத்தை விளைவிக்கும். பம்பாய் வகைக் குருதியே பொருந்தும். கொடையாளி, நோயாளி இருவரின் குருதியையும் கலந்து பார்க்கும் பொருத்தச் சோதனை இதனை வெளிப்படுத்துகிறது. இச்சோதனை லாண்ட்ஸ்டெய்னரின் முறையை அடிப்படையாகக் கொண்டது.

இவரது பிறந்த நாள் உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.