குருதியின் நிறம் அறிந்த ஹால்டேன்

சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவியில் நெடுநேரம் நீராடிக் கரையேறுவோரின் உதடுகள் நீலம் பாய்ந்து நடுங்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். குளிரால் தோலிலுள்ள நுண்குழாய்கள் சுருங்க, குருதி அங்கு மெல்லச் செல்கின்றது. தன்பாலுள்ள உயிர்வளியை மிகுதியாக இழந்து கருமை கொள்கின்றது. அருகிலுள்ள தென்காசி மருத்துவமனைக்குச் சென்றால், விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் என்னும் சிறு கருவி, குருதியிலுள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயிர்வளியைச் சுமக்கின்றது என்பதைச் சில நொடிகளில் காட்டிவிடும். நலமுள்ளவர்க்கு அது 95-க்குக் குறையாது. (அருவியில் நனைந்து சில்லிட்ட விரலை நீட்டினால் கருவி தடுமாறும்!) இத்தகைய கருவிகள் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே, குருதியின் நிறத்தைக் கொண்டு அதன் நிலையை அளந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

அவர் 1860-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று 1884-இல் பட்டம் பெற்றார். ஆயினும் நோயாளிகளின் நாடி பார்ப்பதைவிட, மக்கள் உள்ளிழுக்கும் காற்றை ஆராய்வதிலேயே அவர் மனம் சென்றது. டண்டீ நகரத்து ஏழையர் குடியிருப்புகளுக்கு இரவு வேளையில் சென்று, நெருக்கமாகப் பலர் உறங்கும் அறைகளின் காற்றைக் குப்பிகளில் அடைத்துக் கொணர்ந்து சோதித்தார். பின்னர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றினார்.

அக்காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவிபத்துகள் அடிக்கடி நிகழ்ந்தன. வெடிப்புக்குப்பின் பரவும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். இதனை அறிய, 1895-இல் ஹால்டேன் அந்நச்சு வாயுவைத் தாமே உள்ளிழுத்தார். இடையிடையே விரலைக் குத்தி ஒரு துளி குருதி எடுத்து, நீரில் கரைத்து, அதன் செந்நிறத்தைக் கார்மைன் சாயக் கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டு, நச்சு எவ்வளவு ஏறியுள்ளது எனக் கணக்கிட்டார். குருதியில் பாதிக்குமேல் நச்சு ஏறி, நடக்கவும் இயலாமல் கால்கள் தள்ளாடிய நிலையில்தான் சோதனையை நிறுத்தினார்.

மறு ஆண்டு, வேல்சு நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டனர். ஹால்டேன் அங்குச் சென்று உடல்களைப் பார்வையிட்டார். மாண்டவர் பலரின் முகம் உயிருள்ளவர் முகம்போலச் சிவந்திருந்தது. அவர்களைக் கொன்றது வெடியன்று, பின்வந்த நச்சு வாயுவே என்பது தெளிவாயிற்று. மனிதரினும் விரைந்து மூச்சுவிடும் சிற்றுயிர்களை நச்சு முன்னதாகத் தாக்கும் என்பதால், எலியையோ சிறு பறவையையோ சுரங்கத்திற்குள் கொண்டுசெல்லுமாறு அவர் அறிவுறுத்தினார். அவ்வாறே கானரிக் குருவிகள் பிரிட்டனில் 1986 வரை சுரங்கத் தொழிலாளருக்குக் காவலாயின. குருவிகளுக்கு இது கொடுமையே.

1898-இல், குருதியோடு பெர்ரிசயனைடு என்னும் உப்பைச் சேர்த்தால் அதிலுள்ள உயிர்வளி வெளிப்படும் என்று கண்டு, அதனை அளக்கும் எளிய முறையை வகுத்தார். 1911-இல் அமெரிக்காவின் பைக்ஸ் மலையுச்சியில், 14,000 அடி உயரத்தில், தோழர்களுடன் ஐந்து வாரம் தங்கி மெலிந்த காற்றில் உடல் பழகும் விதத்தை ஆராய்ந்தார். 1915-இல் போர்முனையில் நச்சுப்புகை வீசப்பட்டபோது அங்கு விரைந்தார். 1936-இல் காலமானார். தந்தையோடு சிறுவயதிலேயே சுரங்கத்துள் இறங்கிய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன், பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

இன்றைய விரற்கருவியும் நிறத்தையே நம்புகின்றது. செவ்வொளி, அகச்சிவப்பொளி ஆகிய இரண்டையும் விரலினூடே செலுத்தி, அவை எவ்வளவு விழுங்கப்படுகின்றன என்று கணக்கிடுகின்றது. ஆனால் மூடிய அறையில் கரியடுப்பை மூட்டி உறங்கி மயங்கியவரின் விரலில் அதனை மாட்டினால், நச்சேறிய குருதியின் செம்மையை உயிர்வளியின் செம்மை என்றெண்ணி, நலமுள்ளவரின் எண்ணையே காட்டக்கூடும். டைலர்ஸ்டவுனில் ஹால்டேன் கண்ட அதே செம்மைதான் அது. அந்நிலையில் மருத்துவர் கருவியை ஒதுக்கி, நோயாளியின் குருதியை எடுத்துப் பல நிற ஒளிகளால் சோதிக்க வேண்டியிருக்கின்றது.