இணைய வேகத்தை 8-ஆல் வகுப்பது ஏன்? விடை தேடினால் ஒரு தந்தி ஊழியரிடம் போய் நிற்போம்!

வீட்டில் 1 கிகாபிட் இணையத் திட்டம். மாதாமாதம் கட்டணம் ஒழுங்காகப் போகிறது. ஆனால் ஒரு கேமைப் பதிவிறக்கம் செய்யும்போது திரையில் தெரிவதோ விநாடிக்கு 115 மெகாபைட்தான். ஆயிரம் என்று சொன்னார்களே, மீதி எங்கே போச்சு?

எங்கும் போகவில்லை. நிறுவனம் சொன்னது பிட். திரையில் நீங்கள் பார்ப்பது பைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 1,000 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 125 மெகாபைட். அதுதான் உச்ச வேகம். வழியில் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.

சரி, வேகத்தை ஏன் பிட்டில் அளக்கிறார்கள்? தகவல் கம்பியில் ஒவ்வொரு துடிப்பாகத்தான் போகும். அந்தத் துடிப்புகளை எண்ணிப் பழகியவர்கள் தந்திக்காரர்கள். அவர்களில் ஒருவரின் பெயர் இன்றும் வேக அளவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எமில் போதோ!

விவசாயி மகன்

1845-இல் பிரான்ஸின் மாக்னோ என்ற சிற்றூரில் பிறந்தவர் போதோ. அப்பா விவசாயி. மகனுக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு தொடக்கநிலையோடு சரி. வயலில் வேலை பார்த்துவிட்டு, 1869-இல் அரசாங்கத் தந்தித் துறையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார்.

அப்போது ஒரு கம்பியில் பொதுவாக ஒரு செய்திதான் போகும். அனுப்புபவர் யோசிக்கும் நேரமெல்லாம் கம்பி சும்மா கிடக்கும். கம்பி போட ஏகப்பட்ட செலவு. அதைச் சும்மா விடலாமா? இந்தக் கேள்வி போதோவை விடவில்லை. மின்சாரமும் இயந்திரவியலும் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலை முடிந்த நேரத்தில் தாமாகவே படித்தார். உடல்நலம் வேறு அடிக்கடி படுத்தியது.

ஐந்து விரல், ஐந்து பிட்

1874-இல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இரண்டு யோசனைகள்.

முதலாவது, எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம். மோர்ஸ் முறையில் ஓர் எழுத்து குட்டையாக இருக்கும், இன்னொன்று நீளமாக இருக்கும். போதோ முறையில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்து துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் இரண்டில் ஒரு நிலை. ஆக மொத்தம் 32 சேர்க்கைகள். இன்று நாம் அதை 5 பிட் என்போம். ஊழியர் முன்னால் ஐந்தே கட்டைகள்: இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று.

இரண்டாவது, ஒரே கம்பியைப் பல ஊழியர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. சுழலும் கருவி ஒன்று ஒவ்வொருவருக்கும் நொடியில் ஒரு பங்கு நேரம் கொடுக்கும். உங்கள் முறை வரும்போது சரியாக அழுத்தவேண்டும். தாளம் தப்பினால் எழுத்து போச்சு!

1877-இல் பாரிஸ்-போர்தோ தடத்தில் கருவி வேலைக்கு வந்தது. மறுவருடம் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். பயிற்சி ஊழியராக நுழைந்தவர் பொறியாளர் நிலைக்கு உயர்ந்தார். 1903-இல், 57 வயதில் காலமானார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஓர் ஊழியர் நிமிடத்துக்குச் சுமார் 30 சொல் அனுப்புவார். இடைவெளியோடு சொல்லுக்கு 6 எழுத்து என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 3 எழுத்து. எழுத்துக்கு 5 பிட். ஆக, விநாடிக்கு 15 பிட். நான்கு பேர் சேர்ந்தால் 60 பிட். உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கும் 5 மெகாபைட் பாட்டு ஒன்றை அந்த வேகத்தில் அனுப்ப ஏழரை நாளுக்கும் மேல் ஆகும்!

1926-இல் அவர் நினைவாக 'பாட்' என்ற அலகு வந்தது. விநாடிக்கு எத்தனை முறை சமிக்ஞை மாறுகிறது என்பதே பாட். இங்கேதான் பலர் குழம்புவார்கள். பாட் வேறு, பிட் வேறு. ஒரு மாற்றத்தில் 4 பிட் ஏற்றினால், 600 பாட் என்பது விநாடிக்கு 2,400 பிட். பழைய தொலைபேசி மோடம்களில் ஒருவகை இப்படித்தான் வேலை செய்தது.

காத்தோங் வரை வந்த கதை

அவர் காலத்திலேயே, 1870களின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்துவிட்டது. நம் குடும்பங்களில் தந்தி என்றாலே வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் சாவுச் செய்தி. சொல் எண்ணிக் காசு கொடுத்த காலம் அது.

லக்சா சாப்பிடக் காத்தோங் போவீர்கள்தானே? ஏபிசிஎன்-2 என்ற கடலடிக் கம்பிவடம் சிங்கப்பூரில் கரையேறும் இடமாகக் குறிப்பிடப்படுவது அதே காத்தோங். 2001-இல் வந்த அந்த வடத்தின் வடிவமைப்புத் திறன் விநாடிக்கு 2.56 டெராபிட். மாற்றிப் பாருங்கள்: 2,560 கிகாபிட். 8-ஆல் வகுத்தால் 320 கிகாபைட்.

அதிலும் ஒரே இழையைப் பல தகவல்கள் பகிர்ந்துகொள்கின்றன. போதோ நேரத்தைப் பங்கு போட்டார். இங்கே ஒளியின் அலைநீளத்தையும் பங்கு போடுகிறார்கள்.

அடுத்த முறை இணையத் திட்டம் வாங்கும்போது மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். பிட்டா பைட்டா என்று பாருங்கள். பிட் என்றால் 8-ஆல் வகுங்கள். கணினி 1,000-க்குப் பதில் 1,024 வைத்து எண்ணினால் 125 என்பது 119 ஆகத் தெரியலாம். அது ஏமாற்று இல்லை.

ஆனால் 119 வரவேண்டிய இடத்தில் கம்பிவழி இணைப்பிலும் 40தான் வருகிறதா? அப்போது தாராளமாகக் கேள்வி கேளுங்கள். கம்பி சும்மா கிடப்பது போதோவுக்கே பிடிக்காத விஷயம்!